வேலையை முடித்துக் கொடுத்தவர் ஏன் நீதிமன்றப் படியேற வேண்டும்?

அரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கும் ஓர் ஒப்பந்ததாரருக்கும் நடக்கும் பில் பண வழக்கைப் பற்றிய நேற்றிரவுத் தொலைக்காட்சி விவாதத்தில் ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி, ஒப்பந்ததாரர்கள் வேலையைக் குறைத்து வழக்கைப் பெருக்குகிறார்கள் என்றதும் நெறியாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவர் தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தகராறை விசாரிக்கும் நடுவரின் தீர்ப்பு, ஒப்பந்ததாரர் பக்கம் வந்த பிறகும் நீதிமன்றம் போனது அந்தக் கழகம்தான் என்பதை அவர் வசதியாக விட்டுவிட்டார். அப்படியானால் வழக்கைப் பெருக்குவது யார்?

என் மைத்துனர் ஒரு தொழிற்பேட்டையில் சாலையும் மழைநீர் வடிகாலும் அமைத்துக் கொடுத்தார். நில இழப்பீட்டுத் தகராறால் இடத்தையே தாமதமாக ஒப்படைத்தவர்கள், வேலை தாமதம் என்று அவருக்கே அபராதம் போட்டார்கள். பொறியாளர் அளந்து எம் புக்கில் (முடிந்த வேலையின் அளவுப் பதிவேட்டில்) கையெழுத்திட்ட வேலைக்கும் இறுதி பில் வரவில்லை. சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அவரோ பொக்லைனை விற்று ஜல்லிக்காரருக்குக் கடனடைத்துவிட்டு, பாரிமுனையில் வக்கீல் அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தார். நடுவர் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்த அன்று, பாவம், இனிப்பெல்லாம் வாங்கினோம். பிறகுதான், நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34-வது பிரிவில் அந்தத் தீர்ப்பை எதிர்த்து ரத்து மனு, அது தள்ளுபடியானால் 37-வது பிரிவில் மேல்முறையீடு, அதற்கும் மேலே டெல்லி உச்ச நீதிமன்றம் என்று தெரிந்தது. வேலை முடிந்தது, பணம் எங்கே?

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தில் 2015-இல் திருத்தம் வரும்வரை, ரத்து மனு போட்டாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும். இப்போது தடையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். ரத்து மனுவை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. எழுதித்தான் இருக்கிறது.

பொதுப்பணமாயிற்றே, மேல்முறையீடு செய்யாவிட்டால் தணிக்கையில் கேள்வி வராதா என்பீர்கள். இழுத்தடிக்கும் ஆண்டுகளுக்கு ஏறும் வட்டி மட்டும் யாருடைய பணம்? கோப்பில் "கொடுத்துவிடலாம்" என்று கையெழுத்திடப் பயந்த அதிகாரி, மேல்முறையீட்டுக்குப் பரிந்துரைத்துவிட்டு நிம்மதியாக மாறுதலில் போய்விடுகிறார். தரமற்ற வேலை செய்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், பிடியுங்கள். நடுவரே கணக்குப் பார்த்துக் கொடுக்கச் சொன்னவரை ஏன் பிடிக்கிறீர்கள்?

சமரசம் செய்துகொள்ளலாமே என்று அறிவுரை சொல்பவர்களுக்கும் ஒரு தகவல். மத்திய அரசு 2023-இல் தன் ஒப்பந்தத் தகராறுகளுக்குக் கொண்டுவந்த சமரசத் திட்டத்தில், நடுவர் தீர்ப்பு பெற்றவருக்குத் தீர்ப்புத் தொகையில் அதிகபட்சம் 65 சதவீதம்தான் தருவதாகச் சொன்னார்கள். ஜெயித்தவனிடமே பேரம்! ஆனாலும் அப்படி ஒரு தாளை இன்று நீட்டினால் மைத்துனர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திடுவார். வேண்டாம் என்று அவரோடு சண்டை போடப்போவது நான்தான்.