பிளட்ரூட் களிம்பை மச்சத்தில் தடவாதீர்கள்

"அமெரிக்கப் பூர்வகுடிகளின் மூலிகை, புற்றுநோய் செல்லை மட்டும் தின்னும், நல்ல தோலைத் தொடாது" என்று, மச்சத்தில் தடவும் பிளட்ரூட் (ஒரு செடியின் கிழங்கு) களிம்பைப் பற்றி ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பின்பாதி தவறு, ஆபத்தும் கூட.

செடி உண்மைதான். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளர்வது. கிழங்கை ஒடித்தால் ரத்தம் மாதிரி சாறு கசியும். பூர்வகுடிகள் சாயத்துக்கும் மருந்துக்கும் எடுத்தார்கள், சரி. ஆனால் இந்தக் கிழங்கைப் போட்டு இணையத்தில் விற்கும் கறுப்புக் களிம்பில் பெரும்பாலும் துத்தநாக குளோரைடு என்ற, சதையை அரிக்கும் உப்பும் சேர்ந்திருக்கும். அந்தக் கலவையை 1850களில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் புற்றுநோய்க்குப் போட்டுப் பார்த்தவர் ஃபெல் என்ற அமெரிக்க மருத்துவர். அதற்குப் போய்ப் பூர்வகுடி வைத்தியம் என்று லேபிள் ஒட்டுகிறார்கள்!

கிழங்கிலுள்ள சாங்குவினரின் என்ற வேதிப்பொருள், துத்தநாக குளோரைடு இரண்டுமே நல்ல சதை, கெட்ட சதை பார்ப்பதில்லை. கறுப்புப் பொருக்கு உதிர்ந்ததும் 'வேரோடு வந்துவிட்டது' என்று படம் போடுகிறார்கள். உதிர்வது வெந்துபோன தோல். அடியில் புற்று மிச்சமிருந்தால் மேலே தழும்பு மூடிக்கொள்ளும், உள்ளே அது வளரும். இதனால் மூக்கில் ஒரு பகுதியையே இழந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தக் களிம்பைப் போலிப் புற்றுநோய் மருந்துகளில் சேர்த்திருக்கிறது. மச்சத்தில் சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு துண்டை வெட்டிச் சோதிப்பது) எடுப்பார்.