ஒப்பந்த கோச்சுக்கும் போலீஸ் சரிபார்ப்பு உண்டு

"போலீஸ் சரிபார்ப்பு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும்தான், தனியார் வகுப்பில் தண்டனை பெற்றவரைக்கூட வைத்துக்கொள்ளலாம்" என்று நண்பர் எழுதியிருப்பது தவறுங்க. 2020 போக்சோ விதிகளில் 3ஆம் விதியைப் பாருங்கள். பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமி எல்லாமே அதில் வருகிறது. ஆசிரியரோ ஆயாவோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, பேதமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவ்வப்போது திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

என் மகளின் நீச்சல் வகுப்பில் இதைக் கேட்டபோது, ஃபைலைப் புரட்டி கோச்சின் ஆதார் நகலை எடுத்து நீட்டினார்கள். ஆதாரில் வழக்கு விவரம் எங்கே இருக்கும்? பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு 2018 முதல் இருக்கிறது, ஆனால் அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள்தான் பார்க்க முடியும். பெற்றோருக்கு வழியில்லை. அதனால்தான் சொல்கிறேன், பிள்ளையைச் சேர்க்கும் முன் போலீஸ் சரிபார்ப்பு நடந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்.