மோதிரக் கணக்கு

ஜூலை வந்தால் லேக் டாஹோ ஏரிக்கரையில் ஒரு கோல்ஃப் போட்டி நடக்கும். நெவாடா எல்லையில் ஸ்டேட்லைன் என்கிற ஊர், எட்ஜ்வுட் டாஹோ மைதானம். 1990லிருந்து நடக்கிற இந்தப் போட்டிக்கு இப்போது அமெரிக்கன் செஞ்சுரி சாம்பியன்ஷிப் என்று பெயர். ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் வேறு விளையாட்டில் பேர் வாங்கி ஓய்வு பெற்றவர்கள். பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து, டென்னிஸ் என்று எல்லாரும் இருப்பார்கள். நடுவில் சில நடிகர்கள், பாடகர்கள். மூன்று நாள், 54 குழிகள். இங்கே கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருக்கும் நம்மாட்களுக்கு டாஹோ என்றால் குளிர்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனி பார்க்கப் போகிற இடம். கோடையில் இப்படி ஒன்று நடப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

போட்டியை டிவியில் பார்க்கும்போது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. யாராவது ஜெயித்தவுடன், "இவருக்கு அங்கே கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டது" என்ற தொனியில் ஒரு பேச்சு வரும். மறுநாள் அலுவலகத்திலும் அதேதான். அமெரிக்காவில் சாம்பியன் பட்டம் வென்ற அணிக்கு மோதிரம் போடுவார்கள். அதனால் இங்கே ஒரு வீரரைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி "மோதிரம் இருக்கா?" என்பதுதான். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிப்பதற்கு முன்பே "சொந்த வீடா, வாடகையா?" என்று கேட்பது மாதிரி. மோதிரம் இல்லை என்றால் அந்த ஆளின் பதினைந்து வருட உழைப்புக்கு ஒரு "பாவம்" போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். கோல்ஃப் கோப்பை அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாம்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன். 2022ல் மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது டோனி ரோமோ, மார்க் மல்டர், ஜோ பவெல்ஸ்கி மூவரும் ஒரே புள்ளிகளில் நின்றார்கள். கூடுதல் ஆட்டம் வைத்து, ரோமோ ஜெயித்தார்.

ரோமோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 2003ல் கல்லூரி வீரர்களை அணிகள் ஏலம் மாதிரி வரிசையாக எடுத்துக்கொண்டபோது இவரை யாரும் எடுக்கவில்லை. அப்படிப் பின்வாசல் வழியாக வந்தவர் 34,183 கெஜம் பந்து எறிந்து, 248 டச்டவுனுக்கு (எல்லைக்கோடு தாண்டி எடுக்கும் புள்ளி) எறிந்து, அந்த அணியின் சாதனைப் புத்தகத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். ஆனால் ரோமோ என்றதும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது 2007 ஜனவரியில் சியாட்டிலில் நடந்த அந்த ஒரு ஆட்டம்தான். டாலஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது, ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நேரம் மிச்சம். மிகச் சுலபமான தூரத்திலிருந்து ஒரு உதை போதும். உதைப்பவருக்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கிற வேலை ரோமோவுக்கு. வந்த பந்து கையில் நழுவியது. உடனே பொறுக்கிக்கொண்டு ஓடினார், எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மடக்கி விழுத்திவிட்டார்கள். அவ்வளவுதான்.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அணியின் முதன்மை க்வார்ட்டர்பேக் அந்த எடுபிடி வேலையைச் செய்வது வழக்கமே கிடையாது. சீசன் தொடங்கும்போது அவர் மாற்று வீரர். அதனால் அந்த வேலை அவரிடம் இருந்தது. நடுவில் முதன்மை வீரராக உயர்ந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. இதற்குப் பிறகு பத்து வருடம் அந்த அணியைத் தூக்கிச் சுமந்தவரை, அந்த ஐந்து விநாடியை வைத்து எடை போடுகிறார்கள். 2018, 2019, 2022 என்று மூன்று முறை டாஹோவில் ஜெயித்தார், சரி. சியாட்டிலில் நழுவிய பந்து அதனால் கைக்குத் திரும்பி வரப்போவதில்லை. அவரும் அதற்காக கோல்ஃப் ஆடவில்லை. முழுநேர கோல்ஃப் வீரர்கள் ஆடுகிற பிஜிஏ டூர் போட்டியிலேயே அழைப்பின் பேரில் ஆடி, இரண்டாம் நாளோடு வெளியேறியவர் அவர். அந்த அடி வாங்கவும் தயாராக இருக்கிற ஆளுக்கு எதற்குப் பரிகாரம்?

அடுத்து மார்க் மல்டர். நம் பே ஏரியா ஆட்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். ஓக்லண்ட் ஏஸ் பேஸ்பால் அணியில் டிம் ஹட்சன், பேரி ஸீட்டோவோடு சேர்ந்து மூவர் கூட்டணி என்று கொண்டாடப்பட்ட இடக்கை பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். 2001ல் மட்டும் 21 வெற்றிகள். அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் ரோஜர் கிளெமென்ஸுக்கு அடுத்து இரண்டாம் இடம். பிறகு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் போனார், தோள்பட்டை போயிற்று. 2006ல் கார்டினல்ஸ் பேஸ்பாலின் சாம்பியன் பட்டமான உலகத் தொடரை வென்றபோது இவர் அறுவை சிகிச்சை முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தார். மோதிரக் கணக்கு போடுகிறவர்களை நான் கேட்பது இதுதான்: பந்தே வீசாத அந்தத் தொடரை இவர் கணக்கில் சேர்ப்பதா? சேர்த்தால், ஓக்லண்டில் 21 வெற்றி பெற்ற வருடத்தைவிட அது பெரிதா?

2008ல் கடைசி ஆட்டம். வயது 30. அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருக்க, 2014ல் 36 வயதில் திரும்பி வர முயன்றார். வேறொரு பிட்சரின் கை அசைவை டிவியில் பார்த்து, தன் வீசும் முறையையே மாற்றிக்கொண்டு பயிற்சி முகாமுக்குப் போனார். முகாம் தொடங்கிய கையோடு குதிகால் தசைநார் அறுந்தது. அதற்கு அடுத்த வருடம் டாஹோவில் முதல் இடம். 2016லும் 2017லும் அவரேதான்.

கேட்டால் சினிமாக் கதை மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அதில் பிடித்தது கடைசிப் பகுதி இல்லை. 36 வயதில் கையை வேறு மாதிரி தூக்கிப் பார்க்கலாமே என்று யோசித்தாரே, அந்த இடம்தான்.

மூன்றாவது ஆள் பவெல்ஸ்கி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், எங்கள் ஊர் அணியான சான் ஹோசே ஷார்க்ஸின் முன்னாள் கேப்டன். 2003ல் என்ஹெச்எல் ஹாக்கி அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது இவர் 205வது ஆள், ஏழாவது சுற்று. அந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போய்விடுவார்கள். இவர் 476 கோல் அடித்தார். வேகமாகச் சறுக்குகிற ஆள் இல்லை. கோல் வலைக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். பின்னாலிருந்து யாரோ அடித்த பந்து, பந்து என்றால் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, பறந்து வரும்போது மட்டையை லேசாக வைத்துத் திசையைத் திருப்பி விடுவார். கோல்கீப்பர் ஒரு பக்கம் போயிருப்பார், வில்லை இன்னொரு பக்கம் போயிருக்கும். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார் என்று அவரோடு ஆடியவர்கள் சொல்வார்கள்.

2019 ஏப்ரல் 23, சான் ஹோசே. வேகஸ் அணிக்கு எதிராக ஏழாவது ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசிப் பகுதியில் ஷார்க்ஸ் 0–3 என்று பின்தங்கியிருக்கிறது. ஒரு மோதலில் பவெல்ஸ்கி பின்புறமாக விழுந்து தலை பனித்தரையில் மோதியது. பனியில் ரத்தம். தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். வேகஸுக்கு ஐந்து நிமிட தண்டனை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஷார்க்ஸ் நான்கு கோல் போட்டது! வேகஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 5–4 என்று ஷார்க்ஸ் ஜெயித்தது. அரங்கத்தில் அன்று எழுந்த சத்தத்தைப் பற்றி இந்த ஊரில் இன்றைக்கும் பேசுவார்கள். அந்தக் கோடையிலேயே அவர் டாலஸுக்குப் போய்விட்டார், அந்த வருத்தம் வேறு. 2016ல் சான் ஹோசேயோடும் 2020ல் டாலஸோடும் இறுதிப்போட்டி வரை போனவர். ஹாக்கியின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை கைக்கு வரவில்லை. 2024ல் ஓய்வு, 2025ல் டாஹோவில் முதல் இடம். "கடைசியில் ஒரு கோப்பை வாங்கிட்டாரு" என்று வாட்ஸாப்பில் வந்த செய்திக்கு நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் நட்பு கெட்டிருக்கும்.

சரி, இந்தப் போட்டியில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தால் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அதிக முறை வென்றவர் ரிக் ரோடன், எட்டு முறை. அவர் பேஸ்பால் பிட்சர். பிட்சர்கள், க்வார்ட்டர்பேக்குகள், ஹாக்கிக்காரர்கள்தான் பட்டியலில் நிறைய. அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடியே 18,355 கெஜம் கடந்த எம்மிட் ஸ்மித், பந்தைப் பிடிப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லாத ஜெர்ரி ரைஸ் எல்லாம் அங்கே ஆடியிருக்கிறார்கள், ஜெயித்ததில்லை. ரைஸ் 2010ல் ஹேவர்டில் நடந்த தொழில்முறைப் போட்டி ஒன்றிலேயே இறங்கிப் பார்த்தார். முதல் நாள் 83 முறை அடிக்க வேண்டியிருந்தது. கோல்ஃபில் குறைவாக அடிப்பவர்தான் ஜெயிப்பார், தொழில்முறையில் 83 மிக அதிகம்.

என் ஊகம் இது. ரைஸும் ஸ்மித்தும் எதிராளியைப் பார்த்து நொடியில் முடிவெடுத்து உடம்பை வளைத்தவர்கள். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. யாரும் துரத்தவில்லை. நிதானமாக நின்று, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நீங்களே தொடங்க வேண்டும். பிட்சருக்கு அது தினப்படி வேலை. அவர் வீசாமல் ஆட்டமே ஆரம்பிக்காது. அதோடு தொடக்க பிட்சருக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் ஆட்டம். மிச்ச நாட்களில் காலையில் கோல்ஃப் ஆடப் போய்விடுவார்கள். ஹாக்கிக்காரர்களுக்குக் கோடை முழுக்க விடுமுறை, அடிக்கிற விதமும் கிட்டத்தட்ட அதேதான். கபில் தேவும் இந்த ரகம் என்று எனக்கொரு எண்ணம். 434 டெஸ்ட் விக்கெட் எடுத்த பிறகு கோல்ஃபில் அப்படி மூழ்கினார், 2024ல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பிஜிடிஐக்குத் தலைவராகவே ஆகிவிட்டார். அவரை யாரும் "பாவம்" என்று சொல்ல முடியாது, 1983 இருக்கிறது.

ரோடனைப் பற்றி இன்னும் ஒரு வரி. சிறுவயதில் எலும்பில் நோய்த்தொற்று வந்து காலில் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு நடந்தவர். பெரிய லீகில் 151 வெற்றிகள். பிட்சர் என்றால் மட்டை பிடிக்கத் தெரியாது என்பது பேஸ்பாலில் பொது விதி. இவரோ நன்றாகவே அடிப்பார். 1988 ஜூனில் ஒரு நாள் நியூயார்க் யாங்கீஸ் இவரைப் பந்து வீச வைக்காமல் மட்டையாளராக மட்டும் இறக்கியது. கோல்ஃபில் எட்டுப் பட்டம் என்கிற வரிக்குக் கீழே இந்தக் கதையெல்லாம் புதைந்துபோய்விட்டது.

என் வாதத்துக்கு எதிராக இருப்பவரையும் சொல்லிவிட வேண்டும். 1998ல் ஜெயித்தவர் மரியோ லெமியூ. ஹாக்கி வரலாற்றின் மிகப்பெரிய பெயர்களில் ஒன்று, இரண்டு ஸ்டான்லி கோப்பைகள், புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவில் ஒரு சீசனின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். மோதிரம் இருக்கிறவர்களும் ஜெயிக்கிறார்கள். அவரைப் பற்றி யாரும் பரிகாரக் கதை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டென்னிஸ் வீரர் மார்டி ஃபிஷ் விஷயத்தில் இந்தப் பேச்சு எனக்கு உண்மையிலேயே கோபத்தைக் கிளப்புகிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதிப்போட்டியில் ஒரு செட் முன்னிலையில் இருந்து, ஐந்தாவது செட்டில் சிலியின் மாஸூவிடம் தோற்றார். உடம்பை இளைத்து, முப்பதை ஒட்டிய வயதில் உலகத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை ஏறினார். 2012 அமெரிக்க ஓப்பனில் ஃபெடரரோடு ஆட வேண்டிய நாள், மைதானத்துக்குப் போகும் வழியிலேயே பதற்றம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆடவில்லை. பதற்றக் கோளாறு என்று பின்னால் அவரே வெளிப்படையாகப் பேசினார். விளையாட்டு வீரர்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. 2015ல் அதே அமெரிக்க ஓப்பனுக்குத் திரும்பி வந்து ஆடிவிட்டுத்தான் விடைபெற்றார். அவர் வாழ்க்கையில் பெரிய சாதனை எது என்று கேட்டால் நான் அந்த 2015ஐத்தான் காட்டுவேன். வெள்ளிப் பதக்கம்கூட அப்புறம்தான்.

டாஹோவில் 2020ல் ஜெயித்தார். 2023ல் கடைசிக் குழிக்கு வரும்போது, இன்னும் ஓய்வு பெறாத நம்ம கூடைப்பந்து வீரர் ஸ்டெஃப் கரியோடு கடும் போட்டி. ஃபிஷ் அடிக்க மட்டையை ஓங்கிய நேரம் கூட்டத்தில் யாரோ கத்தினார்கள், பந்து மரங்களுக்குள் போனது. கரி அந்தக் குழியில் ஈகிள் அடித்தார். இந்தப் போட்டியில் ஒரு குழிக்குக் குறித்த அடிகளிலேயே முடித்தால் (பார்) 1 புள்ளி, ஓர் அடி குறைவாக முடித்தால் (பர்டி) 3, இரண்டு குறைவானால் (ஈகிள்) 6. அந்த ஒரே அடியில் கரி 75, ஃபிஷ் 73 என்று முடிந்தது. அடுத்த வருடம் ஃபிஷ் திரும்பி வந்து ஜெயித்தார்.

ஹாக்கி நண்பர்கள் இப்போதே சண்டைக்கு வருவார்கள், டான் க்வின் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே என்று. ஐந்து முறை வென்றவர், கோல்ஃப் வீரர் எர்னி எல்ஸுக்குக் கேடியாகப் பை தூக்கியவர். அவருக்குத் தனிப் பதிவு போடுகிறேன். சார்ல்ஸ் பார்க்லியையும் வேண்டுமென்றேதான் விட்டேன். 1993ன் சிறந்த கூடைப்பந்து வீரர், இரண்டு ஒலிம்பிக் தங்கம், மோதிரம் கிடையாது. மட்டையை ஓங்கி நடுவானில் நிறுத்தி யோசித்து அடித்துக்கொண்டிருந்த அவருடைய கோல்ஃபும் உலகப் பிரசித்தம். அவர் முதல் எழுபது இடங்களுக்குள் வருவாரா என்று பந்தயம் கட்டுகிறார்கள். கமெண்டில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வீடியோவையும் சேர்த்துப் போடுங்கள், தெரியாதவர்கள் பார்க்கட்டும்.