நாணல் இல்லாமல் கரும்பு ஏது?

போன வாரம் ஒரு இயற்கை அங்காடிக்கு வெல்லம் வாங்கப் போனேன். பலகையில் "ஹைபிரிட் இல்லாத சுத்தமான நாட்டுக் கரும்பு வெல்லம்" என்று எழுதியிருந்தது. என்ன ரகம்ணே என்று கேட்டேன். "கோ 86032தான் சார், நம்ம சொந்தக் கொல்லையில போட்டது" என்றார் பெருமையாக.

சிரிப்பை அடக்கிக்கொண்டு ரெண்டு கிலோ வாங்கி வந்தேன். வெல்லம் நல்ல வெல்லம்தான், குறையில்லை. பலகைதான் உறுத்துகிறது.

கோ என்றால் கோயம்புத்தூர். 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது பார்பர், வெங்கட்ராமன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்த வேலை என்ன தெரியுமா? 'வெள்ளை' என்ற தடித்த கரும்பைத் தாயாகவும், அந்தப் பக்கத்து நாணலைத் தகப்பனாகவும் வைத்துக் கலந்தார்கள். ஆமாம், ஆத்தோரம் தானாக முளைக்கும் அதே நாணல். பிறந்த பிள்ளை கோ 205. 1918இல் பஞ்சாப் வயலுக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த கோ ரகங்களில் நாணல் ரத்தம் இல்லாததைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

இதில் என்னை மயக்கும் கணக்கு ஒன்று உண்டு. தடித்த கரும்புக்குக் குரோமோசோம், அதாவது செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமக்கும் இழை, 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. ஆளுக்குப் பாதி கொடுத்தால் பிள்ளைக்கு 72தானே இருக்க வேண்டும்? கோ 205க்கு 112. நாணல் நியாயமாகத் தன் பாதியைக் கொடுத்தது. தாய் 80ஐயும் அப்படியே சீராகக் கொடுத்தனுப்பிவிட்டாள்! மனுசனுக்கு ஒரு குரோமோசோம் கூடினாலே பெரிய சிக்கல். புல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்றைய ஆலைக் கரும்பில் நூறிலிருந்து நூற்று முப்பது வரை இருக்கிறது. சர்க்கரை வேண்டும் என்று தடித்த கரும்போடேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததால், அதில் நாணலின் பங்கு பத்திலிருந்து இருபது சதவீதம்தான். ஆனால் வறட்சியைத் தாங்குவதும், வெட்டிய கட்டை மறுபடி தூர் கட்டி வருவதும் பெரும்பாலும் அந்தப் பங்கின் தயவு.

பெண்ணையாத்துக் கரையில் புரட்டாசியில் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும்போது ஒரு தட்டையை ஒடித்துப் பாருங்கள். பென்சில் பருமன்தான் இருக்கும். உள்ளே நெட்டி மாதிரி வெண்மை. நாக்கில் வைத்தால் இனிப்பா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஒரு இனிப்பு. இலை ஓரம் விரலை அறுத்துவிடும், கவனம். இந்த ஒரே புல்லுக்குள் இடத்துக்கு இடம் குரோமோசோம் 40இலிருந்து 128 வரை மாறுகிறது. தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1930களில் கோயம்புத்தூரில் உட்கார்ந்து இதையெல்லாம் நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

எங்கள் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கதையும் இதுதான். தென் அமெரிக்காவில், தலா 20 குரோமோசோம் கொண்ட இரண்டு காட்டுச் செடிகள் சேர்ந்தன. அப்படிச் சேர்ந்ததில் காய் பிடிக்காது. குரோமோசோம் இரட்டித்து 40 ஆனபிறகுதான் பிடித்தது. கிட்டத்தட்ட ஒரே ஒரு முறை நடந்த விபத்து அது. உலகத்து மல்லாட்டை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் நோய் வந்தால் எதிர்க்கச் சரக்கு இல்லை. டிக்கா இலைப்புள்ளிக்கும் துரு நோய்க்கும் எதிர்ப்பை பொலிவியாவின் இன்னொரு காட்டுச் செடியிடம்தான் கடன் வாங்கினார்கள். தார்வாடில் உருவான ஜிபிபிடி 4 ரகத்தில் ஓடுவது அந்தக் கடன்தான்.

ஆகவே "கலப்பு" என்று முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அதியமானின் முன்னோர்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று சங்கப் பாட்டே சொல்கிறது. நாட்டுக் கரும்பும் வந்த கரும்புதான். என் பயம் வேறு. ஊர் முழுக்க ஒரே ரகத்தைப் போடுகிறோமே, அது. 86032க்குத் தகப்பன் கடலூரில் உருவான கோசி 671. சர்க்கரையை அள்ளிக் கொடுத்த ரகம். செவ்வழுகல் நோய் வந்தது, ரகமே போய்விட்டது. அப்பா அந்தக் கரும்பைப் பிளந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது: உள்ளே சிவப்பு, நடுநடுவே குறுக்கே வெள்ளைத் திட்டு, சாராய வாடை. உத்தரப் பிரதேசத்தில் கோ 0238ஐ நம்பி மாநிலமே நட்டது. அங்கேயும் அதே செவ்வழுகல்.

மாற்றுச் சரக்கு எங்கே இருக்கிறது? கொஞ்சம் கண்ணூரில், கரும்பு நிலையத்தின் சேகரிப்பில் உயிரோடு நட்டு வைத்திருக்கிறார்கள். மீதி ஆத்தங்கரையில். வயலுக்குள் வந்தால் நாணல் பெரிய தொல்லைதான், கிழங்கோடு தோண்டினாலும் போகாது, ஒப்புக்கொள்கிறேன். கரையில் நிற்பதையுமா "சுத்தம் செய்கிறோம்" என்று ஜேசிபி விட்டு வழிக்க வேண்டும்?

அடுத்த தடவை போகும்போது அந்த அண்ணனிடம் பலகையில் "நாணல் பேரன் வெல்லம்" என்று எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அடிக்க வராமல் இருந்தால் சரி.