கொதிக்க வைத்தால் ஆர்சனிக் என்ற நஞ்சு போகாது

"சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக், பத்து நிமிஷம் கொதிக்க வையுங்கள், எல்லாம் ஆவியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, கூடவே சிவப்பு பெயிண்ட் அடித்த அடிபம்பு படம் வேறு. இரண்டுமே தப்பு.

அந்த மாதிரி பம்பு பங்களாதேஷ் பக்கம் இருப்பது. அங்கே குளத்துத் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்ததால் 1970களில் யூனிசெஃப் உதவியோடு ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். இமயமலை ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் ஆர்சனிக் இருக்குமா என்று யாரும் சோதிக்கவில்லை, 1990களில்தான் விஷயம் வெளியே வந்தது. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாதே! அப்புறம் ஒவ்வொரு பம்பாகச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியதற்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை அடித்தார்கள்.

சரி, கொதிக்க வைத்தால்? கிருமி சாகும், அவ்வளவுதான். ரசம் சுண்டச் சுண்ட உப்பு ஏறுகிற மாதிரி, தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் ஆர்சனிக் கூடத்தான் செய்யும்.

நம் வீட்டுக் குழாயில் வருவது கிணற்று நீரே இல்லை: நீர்த்தேக்கம், ஜொகூர் ஆறு, நியூவாட்டர் (சுத்திகரித்த கழிவுநீர்), உப்பு நீக்கிய கடல்நீர். பொதுப் பயனீட்டுக் கழகம் தொடர்ந்து சோதிக்கிறது, வரம்பு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அதே 10 மைக்ரோகிராம். செய்தியின் அடியில் ஃபில்டர் விற்பவர் நம்பர் இருக்கிறதே, அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஊரில் போர்வெல் தண்ணீர் குடிக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிவிட்டீர்கள் என்றால், கொதிக்க வைப்பதை நம்பாமல் லேபில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.