பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீர்கள்

"சார், இன்னைக்கு உங்க பீரியடை எனக்குக் குடுத்துடுங்க, போர்ஷன் முடியல."

பன்னிரண்டு வருடம் இதைச் சொல்லி வந்தவள் நான். சேலம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு என்னுடையது. பருவத் தேர்வு நெருங்கினால் கேட்பேன், அதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள் என்றால் கேட்பேன், மழை லீவில் நாலு நாள் போய்விட்டால் கேட்பேன். எங்கள் பி.டி. சார் ஒருமுறைகூட முடியாது என்றதில்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு "எடுத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். செருப்பைக் கழற்றி வரிசையில் நிற்கத் தயாராக இருந்த பிள்ளைகள் மறுபடியும் வகுப்புக்குள் வந்து உட்காரும். அந்த முகங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் செய்தது தப்பு. ஏன் தப்பு என்று எழுத வேண்டும் என ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் நேரம். பி.டி. சார் கோ-கோ மைதானம் போட்டுக்கொண்டிருந்தார். 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். நான் வராண்டாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். கயிறு பிடிக்க நாலு பையன்கள். அதில் ஒருவன் ஏழாம் வகுப்பு. என் வகுப்பில் கடைசி வரிசை, சுவரோரம் உட்காருவான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். ஏழாம் வாய்ப்பாடே தடுமாறும். 'படிக்காத பையன்' என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு அது. மூலையில் ஒரு முளைக்குச்சி அடித்து, ஒரு பக்கம் மூன்று முடிச்சு, இன்னொரு பக்கம் நாலு முடிச்சு இழுத்து, குறுக்கே ஐந்து முடிச்சு வருகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பையன் தரையோடு தரையாகக் குனிந்து கயிற்றை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "சார், இந்த மூலை சாயுது" என்று கத்தினான். சார் அளந்து பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. குச்சியைப் பிடுங்கி மறுபடி அடித்தார்கள். அப்புறம் அவனே சுண்ணாம்புத் தூளை உள்ளங்கையில் அள்ளி, விரல் இடுக்கில் கசியவிட்டபடி கோடு போட்டுக்கொண்டு போனான். ரூல் தடி வைத்து இழுத்த மாதிரி கோடு.

நோட்டை மூடிவிட்டு இறங்கிப் போனேன். "ஏன்டா மூணு, நாலு, அஞ்சு?" என்று கேட்டேன்.

"அப்படிப் பிடிச்சாத்தான் டீச்சர் மூலை நேரா நிக்கும். அஞ்சைக் கொறச்சா உள்ள மடங்கிரும், கூட்டினா வெளிய விரிஞ்சிரும்."

மூணு, நாலு, அஞ்சு பிடித்தால் மூலை செங்கோணமாக நிற்பதற்குக் காரணம் சொல்லும் பிதாகரஸ் தேற்றம் எட்டாம் வகுப்புப் பாடம். அவனுக்கு அதை நான் இன்னும் நடத்தவே இல்லை.

இதைச் சொன்னதும் "பார்த்தீங்களா, விளையாடினா கணக்கும் வருது" என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. அடுத்த பரீட்சையில் அவன் மார்க் ஒன்றும் ஏறிவிடவில்லை. ஆனால் ஒன்றரை வருடமாக என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். ஒரு விஷயம் தனக்குத் தெரியும், சாருக்கே தான் எடுத்துச் சொல்லலாம் என்ற தைரியம் அந்தக் குரலில் இருந்தது. என் வகுப்பறையில் அந்தத் தைரியத்துக்கு நான் இடமே கொடுத்ததில்லை. கொடுக்கக்கூடிய ஒரே இடத்தையும் வாரா வாரம் கடன் வாங்கித் தின்றிருக்கிறேன்.

ஆறாம் வகுப்புக்குக் குழந்தையாக வருகிறவன் எட்டு முடிக்கும்போது மீசை அரும்பிப் போகிறான். நடுவில் இந்த மூன்று வருடம்தான் குரல் உடைகிறது, உடம்பு மாறுகிறது, பக்கத்தில் இருப்பவனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி வருகிறது. 'எனக்கு ஒண்ணும் வராது' என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வந்துவிடுவதும் இந்த வயதில்தான் என்பது நான் கண்கூடாகப் பார்த்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த எண்ணம் இருக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அதை மாற்ற நேரம் இருக்காது. அப்படியானால் எங்கே மாற்றுவது? ஆறு, ஏழு, எட்டில்தான்.

சட்டம் இதை ஒரு விதத்தில் யோசித்துத்தான் வைத்திருக்கிறது. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலை, உடற்கல்வி, கைத்தொழில் மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதன்படிதான் 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் 5,000 ரூபாய். அது 7,700 ஆகி, 10,000 ஆகி, 12,500 ரூபாய்க்கு வந்து சேரவே பன்னிரண்டு வருடம் பிடித்தது. மே மாதம் சம்பளம் இல்லாமலேயே அந்த வருடங்கள் ஓடின. எங்கள் பள்ளிக்கு மூன்று பேர் வந்தார்கள்: உடற்கல்வி, ஓவியம், தையல். ஓவிய ஆசிரியர் குடும்பம் நடத்த முடியாமல் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். தையல் டீச்சரும் விலகிவிட்டார். இரண்டு இடமும் அப்படியே காலி. மாநிலம் முழுக்கவே அந்தப் பதினாறாயிரம் இப்போது பன்னிரண்டாயிரம் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மிச்சம் இருக்கும் எங்கள் பி.டி. சார் மற்ற நாட்களில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார். அவரிடம்தான் நான் பீரியடைக் கடன் கேட்டுக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலையில் இருப்பவர் நிரந்தர ஆசிரியையிடம் 'முடியாது' என்று எப்படிச் சொல்வார்? இது எனக்கு உறைக்கவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது 'கல்வி இணைச் செயல்பாடுகள்' என்று தனிப் பதிவேடும் கூடவே வந்தது. நல்ல ஏற்பாடு. அதற்கு முன்னால் 'கல்வி சாரா' என்றுதான் சொல்வோம். அந்த 'சாரா' போய் 'இணை' வந்ததே பெரிய விஷயம். ஆனால் பதிவேட்டை வகுப்பாசிரியர்கள் எப்படி நிரப்பினோம்? பருவக் கடைசியில் ஒரே உட்காரலில், வரிசையாக ஏ, ஏ, பி, ஏ. வண்ணப் பென்சிலைத் தொடவே வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைக்கு ஓவியத்தில் ஏ போட்டிருக்கிறேன். யாருக்கும் கெடுதல் செய்யாத பொய் என்று அப்போது நினைத்தேன். அந்தப் பிள்ளைக்கு வரையக் கிடைக்க வேண்டிய முப்பது நாற்பது பீரியட் அந்த ஒற்றை எழுத்துக்குக் கீழே புதைந்து போயிற்று.

நல்லது நடக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய வாசல். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே ஏறிப் போகலாம், கலையரசன், கலையரசி பட்டம் வாங்கலாம். பறை அடிக்கும் பிள்ளை தலை நிமிர்ந்து மேடை ஏறுவதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அதே வருடம் நவம்பரில் 6 முதல் 8 வரைக்கும் என்றே வானவில் மன்றம் வந்தது. அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்க்கும் ஏற்பாடு. அதைச் செய்து காட்டும் கருத்தாளர் பள்ளிக்கு வருகிற நாள் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். பள்ளிப் பிள்ளைகளுக்கான தேன்சிட்டு இதழ் வந்தால் பிடுங்கிப் படிக்கிறார்கள்.

என் வருத்தம் வேறு இடத்தில். எங்கள் பள்ளியில் கலைத் திருவிழாவுக்குப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுப்போம். யாரை? ஏற்கெனவே ஆடத் தெரிந்தவளை, ஏற்கெனவே பாடத் தெரிந்தவனை. அவர்களுக்கு இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி. மற்ற நூற்று இருபது பேர் கை தட்டுவார்கள். போட்டி முடிந்ததும் பறையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். அடுத்த வருடம் மறுபடி அதே பதினைந்து பேர். போட்டி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜெயிக்கவே போகாத பிள்ளைக்கும் வாரம் ஒரு நாள் அந்தப் பறையைத் தொட்டு அடிக்க உரிமை உண்டு. சுமாராக ஆடுகிறவள் சுமாராகவே ஆடட்டும். பன்னிரண்டு வயதில் ஒன்றைச் சுமாராகச் செய்துகொண்டே சந்தோஷமாக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?

எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். பதக்கத்தைச் சொல்கிறவர்கள் அதற்கு முந்தைய கட்டத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கிய பையனிடம், நீ உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்த பீரியடில் என்னை மாதிரி ஒரு கணக்கு டீச்சர் புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். பதக்கத்தை விடுங்கள். தாண்டலாம் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. ஆறாம் வகுப்பில் பையன்களுக்குச் சமமாக ஓடுவார்கள். எட்டாம் வகுப்பில் அதே பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். "விளையாடலையா?" என்றால் "வயித்து வலி டீச்சர்" என்று பதில் வரும், எல்லா வாரமும். வீட்டில் "பெரிய பொண்ணாயிட்ட, என்ன ஓட்டம்" என்று ஏச்சு. மைதானம் முழுக்கப் பையன்கள். வேர்த்து வந்தால் முகம் கழுவ ஒழுங்கான தண்ணீர் வசதி கிடையாது. யாரும் விளையாடாதே என்று சொல்வதில்லை, ஆனால் விளையாட முடியாதபடி எல்லாம் அமைந்திருக்கிறது. நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. புதன்கிழமை கடைசி பீரியடில் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தலைமையாசிரியர் ஒரு முடிவு எடுத்தார். ஒரு எறிபந்து, இரண்டு வளையம். முதல் இரண்டு வாரம் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது வாரம் மரத்தடி காலி.

பணம்? நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்க வருடத்துக்கு 10,000 ரூபாய் ஒதுக்குகிறார்கள். மனசு வைத்துச் செலவு செய்தால் அதில் பந்து, வளையம், ஸ்கிப்பிங் கயிறு, கேரம் போர்டு வரைக்கும் வாங்கலாம். உள்ளே பூட்டி வைக்காமல் வெளியே எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். புதுப் பந்து கிழிந்துவிடும் என்று வருடம் முழுக்க அலமாரியில் வைத்திருந்து, ஆய்வுக்கு மட்டும் எடுத்துக் காட்டும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு இருக்கிறதே, அதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருடம் மாதம் 1,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு 48,000 ரூபாய் சின்னக் காசு இல்லை. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பயிற்சியைக் காலையில் முக்கால் மணி நேரம் முன்னதாக வந்து கொடுக்கிறேன். என் நேரத்திலிருந்து எடுக்கலாம். பிள்ளைகள் விளையாடும் நேரத்திலிருந்து எடுக்க எனக்கு உரிமை இல்லை.

தனியார் பள்ளிப் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி பவுண்டேஷன், சனிக்கிழமை அபாகஸ், ஞாயிறு காலை இந்தித் தேர்வு வகுப்பு, மாலையில் கீபோர்டு. என் அக்கா பெண்ணுக்கு இப்படித்தான் ஓடுகிறது. அவளிடம் "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "கரண்ட் போனா பிடிக்கும் சித்தி, எல்லா கிளாசும் லீவு விட்டுருவாங்க" என்றாள். எங்கள் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றுகூட கிடைக்கவில்லை, இவளுக்கு மூச்சு விட இடமில்லை. அவளுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தச் சொல்லி அக்காவிடம் சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை அந்தச் சண்டை.

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தயவு செய்து போங்கள். கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். பி.டி., ஓவியம் என்று போட்டிருக்கும் பீரியடில் போன வாரம் என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் கேளுங்கள். பகுதிநேர ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பக் கோரித் தீர்மானம் எழுதுங்கள். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வோமோ என்று தயங்க வேண்டாம். என்னிடம் யாராவது பத்து வருடத்துக்கு முன்பே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வாரம் ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் பாதியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் பி.டி. சார் என் வகுப்பு வாசலில் வந்து நின்று, பழைய பழக்கத்தில், "டீச்சர், போர்ஷன் இருக்கா? வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். வேண்டாம் சார், கூட்டிட்டுப் போங்க என்றேன். நாற்பது பிள்ளைகளும் வெளியே ஓடியதில் கதவோரம் இருந்த தண்ணீர்க் குடம் கவிழ்ந்துவிட்டது. துடைத்துவிட்டு உட்கார்ந்து, திங்கட்கிழமைக்கு இரண்டு பயிற்சிக் கணக்கைக் குறைத்து எழுதிக்கொண்டேன்.