முதல் பெயர் தெரியவில்லையாம்!

இன்றைக்கும் ஒருத்தர் கேட்டுவிட்டார். நான் பகுதி நேரமாக வேலை பார்க்கும் கேம்பஸ் டைனிங் ஹாலில், தட்டை நீட்டிக்கொண்டே என் சட்டையில் இருந்த பேட்ஜைப் பார்த்து, "ஃப்நூ... அழகான பெயர். வியட்நாமா?" என்றார். வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், என் கையில் மசித்த உருளைக்கிழங்குக் கரண்டி. "ஆமாம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

என் பெயர் வேல்முருகன். சு. வேல்முருகன். சு என்றால் சுப்பையா, என் அப்பா. ரேஷன் கார்டு, டிசி, ஹால் டிக்கெட் என்று பிறந்ததிலிருந்து எல்லாவற்றிலும் இதுதான். பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள், விரித்தோம். "சர்நேம் கட்டத்துல என்ன போட?" என்று பிரவுசிங் சென்டர் அண்ணன் கேட்டபோது அப்பா, "நமக்கு ஏது அதெல்லாம், விட்ருங்க தம்பி" என்றார். விட்டுவிட்டோம். இந்திய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம், தப்பே இல்லை. அந்தக் காலிக் கட்டம்தான் இன்று என் கழுத்தைப் பிடிக்கிறது.

அமெரிக்க விசாவில் சர்நேம் காலியாக இருக்கக் கூடாது. ஆகவே என் பெயர், அப்பா பெயர் இரண்டையும் சேர்த்து சர்நேம் பக்கம் தள்ளிவிட்டார்கள். இப்போது முதல் பெயர்க் கட்டம் காலி. அதில் போடுவதற்கென்றே மூன்று எழுத்து வைத்திருக்கிறார்கள்: எஃப்என்யூ. சேர்த்து வாசித்தால் ஃப்நூ. ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். முதல் பெயர் தெரியவில்லை! ஐயா, டிஎஸ்-160 என்கிற உங்கள் விசா விண்ணப்பப் படிவத்தில், 'உங்கள் முழுப் பெயரை உங்கள் தாய்மொழி எழுத்தில் எழுதுங்கள்' என்று தனியாக ஒரு கட்டம் வைத்துக் கேட்டீர்களே. தமிழில் அடித்துக் கொடுத்தேனே. கேட்டு வாங்கிக்கொண்டு தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர். ஆக 535 டாலர், கிட்டத்தட்ட 45,000 ரூபாய் கட்டி வாங்கிய பட்டம் இது.

விசாவில் ஒட்டியது சும்மா இருக்குமா? முதல் வகுப்பிலேயே பேராசிரியர் பட்டியலை வாசித்தார். "ஃப்நூ?" யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் "ஃப்நூ?" யாரோ சீனப் பையன் போல என்று நானும் அக்கம் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ஆப்சென்ட். இரண்டாவது வாரம்தான் தெரிந்தது, எங்கள் வகுப்பில் இன்னொரு ஃப்நூவும் உண்டு. அவன் ஆந்திராக்காரன். அவனுடைய லேப் ரிப்போர்ட்டுக்கான திட்டு எனக்கு வருகிறது, என் மிட்டர்ம் மதிப்பெண் அவனுக்குப் போகிறது. நல்ல பையன், நான் 61 எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வங்கியில் வேறு கூத்து. அங்கே கம்ப்யூட்டர் என்னை 'வேல்முருகன் எல்என்யூ' ஆக்கிவிட்டது, அதாவது கடைசிப் பெயர் தெரியவில்லை. ஓரிடத்தில் தலை இல்லை, இன்னோரிடத்தில் வால் இல்லை. இரண்டும் பொருந்தவில்லை என்று சொல்லி கிரெடிட் கார்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நான் படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு 'கட்டாயம்' என்று ஒரு கட்டத்தை உருவாக்க எத்தனை நொடி ஆகும் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்று எவனோ நினைத்த அந்தச் சில நொடிக்கு நான் இரண்டு வருடமாக வட்டி கட்டுகிறேன்.

இதற்கு நடுவில் அறிவுரை சொல்ல வரும் நம்மாட்கள் இருக்கிறார்களே, அவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் எரிச்சல். "பேசாம ஒரு சர்நேம் வச்சுக்கிட வேண்டியதுதானப்பா?" எதை வைக்க? பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதியை வெட்டி எறியச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட தமிழ்நாட்டுக்காரன் நான். ஒரு கம்ப்யூட்டர் கட்டத்தை நிரப்ப அதைத் திரும்ப எடுத்து ஒட்டவா? ஐஸ்லாந்துக்காரர்களும் பெரும்பாலும் அப்பா பெயரோடுதான் வாழ்கிறார்கள், டெலிபோன் டைரக்டரியைக்கூட முதல் பெயர் வரிசையில் போட்டார்கள். அவர்கள் செய்தால் பண்பாடு, நாம் செய்தால் டேட்டா எரர்.

சரி, அப்பா பெயரை சர்நேமாகப் போட்டவன் மட்டும் நிம்மதியாக இருக்கிறானா? என் ரூம்மேட்டை டிபார்ட்மென்ட் முழுக்க "மிஸ்டர் பழனிச்சாமி" என்றுதான் கூப்பிடுகிறது. அசைன்மென்ட் தாமதமானால், "பழனிச்சாமி, உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை" என்று மெயில். திட்டு வாங்குவது ஈரோட்டில் நிம்மதியாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் அவன் அப்பா.

போன வாரம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. அம்மா கோவில்பட்டியிலிருந்து பார்சல் அனுப்பியிருந்தாள். ஹாஸ்டல் மெயில் ரூம் கவுன்ட்டருக்குப் பின்னால், பழுப்பு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்த மூட்டை உட்கார்ந்திருக்கிறது. நீல மார்க்கரில் அம்மாவின் கோணல் கையெழுத்து ஆங்கிலத்தில்: எஸ். வேல்முருகன். என் அடையாள அட்டையில் 'எஃப்என்யூ வேல்முருகன் சுப்பையா'. கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்க்கிறாள், மூட்டையைப் பார்க்கிறாள். "இதில் முதல் பெயர் எஸ் என்று இருக்கிறதே, நீ எஸ் இல்லையே?" எஸ் என் அப்பா என்றேன். "அப்படியானால் இது உன் அப்பாவுக்கு வந்த பார்சலா?" இல்லை, எனக்குத்தான். "அப்போது எஸ் யார்?" கம்ப்யூட்டரில் ஃப்நூ என்று தேடினாள், பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. அதில் எந்த ஃப்நூ நீ என்று கேட்டாள். மேனேஜரிடம்தான் கேட்க வேண்டுமாம். கை எட்டும் தூரத்தில் என் அம்மா தைத்த தையல், எட்டிப் பிடிக்க முடியாது. மூன்று நாள் அலையவிட்டு, கடைசியில் துணியின் ஓரத்தில் இருந்த போன் நம்பரை வைத்துக் கொடுத்தார்கள். பிரித்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கசிந்து, கடலை மிட்டாய் முழுக்க எண்ணெய்.

பாஸ்போர்ட்டை மாற்றினால் தீருமா என்று கேட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட் மாறினாலும் விசாவில் இருக்கும் பெயர் அப்படியேதான் இருக்கும், புதிதாக விசா குத்த அமெரிக்காவை விட்டு வெளியே போக வேண்டும். டிக்கெட் காசுக்கு இன்னும் எத்தனை மாதம் உருளைக்கிழங்கு போடுவது?

நேற்று அம்மா போன் செய்தாள். பங்குனிப் பொங்கலுக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்பப் போகிறாளாம். "இந்தத் தடவ அட்ரஸ்ல எம்பேருக்கு முன்னாடி எஃப், என், யூன்னு மூணு எழுத்து போடும்மா, அப்பத்தான் குடுப்பாங்க" என்றேன். எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"யாருய்யா அது? ஒங்கூட தங்கியிருக்க பையனா? அவனுக்கும் சேத்துப் போடட்டுமா?"